கொழும்புப் புறக்கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறோம் என்று முற்பணம் கேட்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

தலைக்கு 6,500 ரூபாய். சிவப்புப் பள்ளிவாசலுக்கு உள்ளே, செட்டியார் தெரு, பழைய நகர மண்டபம், பகல் சாப்பாடு, எல்லாம் அடக்கம் என்று இன்ஸ்டகிராமில் போட்டிருந்தார்கள். படங்கள் நல்ல வடிவு. கனடாவிலிருந்து வந்திருந்த சிநேகிதிக்கு அதைப் பார்த்ததும் போயே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. நான் வெள்ளவத்தைக்காரி, புறக்கோட்டைக்குத் துணி எடுக்க அடிக்கடி போகிற ஆள்தான், ஆனால் சிநேகிதிகள் எல்லோரும் சேர்ந்து கதை கேட்டுக்கொண்டு நடப்பது வேறு சங்கதி இல்லையா, அதனால் நாங்களும் சேர்ந்துகொண்டோம். பாதிக் காசை முன்கூட்டியே வங்கியில் போடச் சொன்னார்கள். அவர்கள் தந்த கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. பற்றுச்சீட்டு கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது, அவ்வளவுதான்.

நாளையும் நேரத்தையும் குறித்தது அவர்கள்தான்: வெள்ளிக்கிழமை, காலை 11 மணி, கோட்டை ரயில் நிலைய வாசல். கைட் வந்து சேரவே பன்னிரண்டு ஆகப் பார்த்தது. இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழையும்போது கடைகளிலிருந்து ஆட்கள் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். "உள்ளே போக ஏலாது அக்கா, இன்றைக்கு ஏதோ விசேஷம்போல" என்கிறார் கைட். ஏதோ விசேஷமாம்! வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை என்பது கொழும்பில் பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும், அந்த நேரத்தில் பள்ளிவாசலுக்கு உள்ளே கூட்டிப்போவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவருக்கு மட்டும் தெரியவில்லை. வாசலில் நின்ற ஒரு பெரியவர், பாவம், தொழுகை முடிந்த பிறகு வாருங்கள் பிள்ளைகள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். கைட்டுக்கு அவசரம், காத்திருக்க முடியாதாம்.

சரி, கதையாவது ஒழுங்காகச் சொன்னாரா? அந்தப் பள்ளிவாசலை ஒல்லாந்தர் கட்டினார்களாம். 1908, 1909இல் இங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது அது, சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், மாதுளம்பழம் மாதிரிக் குவிமாடங்களோடு நிற்கிறது, அதில் ஒல்லாந்தருக்கு என்ன வேலை? ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. கான் மணிக்கூண்டைக் காட்டி வெள்ளைக்கார கவர்னர் கட்டியது என்றார். பம்பாயிலிருந்து வந்த பார்சிகளான கான் குடும்பத்துப் பிள்ளைகள், தகப்பனின் நினைவாக 1923இல் கொழும்பு மக்களுக்குக் கொடுத்தது என்று அந்தக் கோபுரத்தில் பதித்த கல்லிலேயே எழுதியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து வாசித்தால் போதும். பழைய நகர மண்டபத்தை வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களைப் பற்றி, ஆடிவேல் திருவிழா பற்றி, ஒரு வார்த்தை இல்லை, நான்தான் சிநேகிதிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூட்டை வண்டி இழுக்கிற நாட்டாமிமார் "சைட், சைட்" என்று கத்திக்கொண்டு வருகிற நெரிசலில் அவர் முன்னால் போய்விடுவார், நாங்கள் தேடிக்கொண்டு பின்னால் ஓடவேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மனிதர் சாவகாசமாக உட்கார்ந்தார். சந்துக்குள் ஒரு வாசனைத் திரவியக் கடை, மேல்மாடி, ஏசி. கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் வடிவான பெட்டிகளில், ஒன்றிலும் விலை இல்லை. பொதி செய்து விற்கிற சாமானில் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்திருக்க வேண்டும், எங்கள் தெருமுனைக் கடையில்கூட அது இருக்கும். சிநேகிதி வீட்டுக்குக் கொண்டுபோகக் கறுவா கேட்டாள், 4,800 ரூபாய் என்றார்கள். நான் குறைத்துக் கேட்டதும் கடைக்காரர் உதவிக்கு நின்ற பையனிடம் சிங்களத்தில், கைட்டுக்கும் கொடுக்க வேண்டும்தானே, அதற்குக் கீழே போகாதே என்றார். எங்களுக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு ஒன்றும் வாங்கவில்லை. பிற்பாடு கீழே தெருவில் ஒரு மொத்தக் கடையில் அதே அளவு கறுவாவை அதில் பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கினோம்.

பகல் சாப்பாடு என்றது ஆளுக்கு இரண்டு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும். அதுவும் அந்தக் கடை மாடியில்தான்.

கடைசியில் மீதிக் காசு. எங்களிடம் ரூபாயாக வாங்கிக்கொண்டு சிநேகிதியிடம் மட்டும் 35 டொலர் கேட்டார், வெளிநாட்டவர் விலையாம். சிகிரியாவில் நுழைவுச்சீட்டு அப்படித்தான், அது அரசாங்கம் வைத்த விலை, எழுதிப் போட்டிருக்கிறார்கள். பொதுத் தெருவில் நடப்பதற்கு யார் வைத்த விலை இது? விளம்பரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை என்று போனைக் காட்டினேன். சத்தம் போட்டார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கிற வழிகாட்டி அனுமதி அட்டையைக் காட்டுங்கள், இப்பவே அவர்களுடைய 1912 இலக்கத்துக்கு அடிக்கிறேன் என்றதும்தான் குரல் இறங்கியது. அட்டை கிடையாது. சிநேகிதியின் மீதியில் ஒரு சதமும் கொடுக்காமல், எங்களிடம் அங்கே வாங்கிய மீதிக் காசையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். முற்பணம் போனது போனதுதான்.

புறக்கோட்டைக்கு வழிகாட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றாகத் தெரிந்தவர் கூட வந்தால் அந்த ஐந்து குறுக்குத் தெருவுக்கும் ஒரு நாள் போதாது. அப்படி யாரையாவது பிடித்தால் காசு போடுவதற்கு முன் அனுமதி அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், எந்தக் கடைக்குள்ளாவது கூட்டிப்போவார்களா என்று எழுத்தில் கேளுங்கள், வெள்ளி நண்பகல் என்றால் அப்பவே விட்டுவிடுங்கள். ஞாயிறும் வேண்டாம், பாதிக் கடை பூட்டிக் கிடக்கும். விலை போடாத பெட்டி விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977.

நாங்கள் 1912க்கும் சொல்லிவிட்டோம், ஸ்க்ரீன்ஷொட், வங்கிச் சீட்டு எல்லாம் அனுப்பியாயிற்று. பதில் வந்தால் இதிலேயே எழுதுகிறேன். உங்களில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், கணக்கு இலக்கம் ஒன்றுதானா என்று பார்த்துச் சேர்த்தே அனுப்பலாம்.