உம்லாங்கா மூன்றாம் மாடி ஸ்கேன் டாக்டர்: ஐந்துக்கு நாலு

தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் வயிற்றுப் பிள்ளையின் முகத்தை 3டி-யில் படம் எடுத்துத் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட, நம் ஊர் மாதிரி இல்லாமல், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு 20-ஆவது வார ஸ்கேன் சுத்தமாக இருந்தது. 31-ஆவது வாரத்தில் ஆசைக்கு அப்படி ஒரு இடத்துக்குப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்த பெண், பிள்ளையின் மூளையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டத்தைப் பார்த்து "நீர்க்கட்டி மாதிரி இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் கலர் டாப்ளரைப் போடவே இல்லை.

அன்று ராத்திரி தூங்கவில்லை. மூளையின் நடுவில் இருக்கும் கேலன் சிரையில் வரும் கேலன் சிரைக் குறைபாடு என்று ஒன்று உண்டாம், தமனி ரத்தம் தந்துகி என்கிற மெல்லிய குழாய்கள் வழியாகப் போகாமல் நேரே அந்தச் சிரைக்குள் கொட்டுமாம், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் கண்ணில் படுமாம். 2023-இல் பாஸ்டனில் பிறக்கும் முன்பே, கருப்பைக்குள் வைத்தே அதை அடைத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் விடிய விடியப் படித்துக்கொண்டிருந்தார். அதைப் படித்தால் தூக்கம் வருமா?

சாட்ஸ்வொர்த்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் இந்த டாக்டரிடம் வந்தோம். ஸ்கேன் மட்டும் முக்கால் மணி நேரம். முதல் வேலையாகக் கலரைப் போட்டார். கேலன் என்றால் அந்த வட்டத்துக்குள் சிவப்பும் நீலமும் சுழித்துக்கொண்டு பாயும், வெறும் நீர் என்றால் கறுப்பாகவே கிடக்கும் என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்பாகவே கிடந்தது. அதோடு விடாமல், ரொம்ப மெதுவாக ஓடும் ரத்தமும் தப்பக்கூடாது என்று கலரின் வேக அளவைக் குறைத்து வைத்து இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம் பிள்ளையின் இதயத்தையும் அளந்தார். இதயம் எதற்கு என்று கேட்டேன். அந்தக் குறைபாடு இருந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் அத்தனையையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கிவிடுமாம், சில பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் தெரியுமாம். நமக்கு வெறும் நீர்ப்பைதான். எம்ஆர்ஐ இப்போதைக்கு வேண்டாம், நாலு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்றால், ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள், ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, பாதிதான் கொடுத்தது, அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பார்க்கிங்கும் சுத்த மோசம்.

35-ஆவது வார ஸ்கேனையும் இங்கேதான் புக் பண்ணியிருக்கிறேன், காலை முதல் ஆளாக.