பார்க்கும் கடிகாரமா, கேட்கும் கடிகாரமா? ஸ்கூபாவுக்கும் ஃப்ரீடைவிங்குக்கும் ஒரே டைவ் கம்ப்யூட்டர்

சிலிண்டரோடு கடலில் இறங்கும் ஸ்கூபாக்காரர் நிமிடத்துக்கு ஒருமுறையாவது மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வார். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம், ஏறும் வேகம் சரிதானா என்று எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கும் ஃப்ரீடைவர் மணிக்கட்டைப் பார்க்கவே கூடாது. பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து வளையும், காதடைப்பை எடுப்பது சிரமமாகும், தண்ணீரைக் கிழித்துப் போகிற உடம்பு கோணலாகும். அவருக்குக் கடிகாரம் காதிலோ தோலிலோ பேச வேண்டும்.

கடிகார வடிவ டைவ் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் திரையைத்தான் ஒப்பிடுகிறார்கள். புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா படித்துவிட்டு அடுத்து ஃப்ரீடைவிங் பக்கம் போகும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வியும் "எதோட டிஸ்ப்ளே நல்லா இருக்கு?" என்பதுதான். நான் முதலில் அலாரத்தைப் பற்றிக் கேட்பேன்.

ஸ்கூபாவில் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. ஃப்ரீடைவர் ஏறுவது ஏறக்குறைய நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 60 மீட்டர். ஸ்கூபா பயன்முறையிலேயே விட்டுவிட்டு மூச்சடக்கி முங்கினால் கடிகாரம் ஒவ்வொரு ஏற்றத்திலும் அலறும். சில மாடல்கள் அதை விதிமீறலாகப் பதிந்து பூட்டிக்கொள்ளவும் செய்யும். தனி ஃப்ரீடைவ் பயன்முறை இருந்தாக வேண்டும். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன்: நாமே வைத்துக்கொள்ளும் ஆழ அலாரங்கள், ஒரு நொடிக்கு ஒருமுறையாவது ஆழத்தைப் பதியும் வேகம், தண்ணீர்மட்டத்துக்கு வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் ஓய்வு நேரக் கணக்கு.

மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எனக்கு அதுதான் முதன்மை. பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள் நாளெல்லாம் முங்கிவிட்டுத் தலைசுற்றல், வாதம் என்று விழுந்தார்கள். அதை அவர்கள் 'தரவானா' என்றார்கள். 1965-இல் ஈ.ஆர். கிராஸ் இதைப் பற்றி எழுதியபோது, அருகிலுள்ள மங்கரேவா தீவினர் முங்கலுக்கு முங்கல் அதிக நேரம் ஓய்வெடுத்ததையும், அவர்களிடம் இந்த நோய் காணப்படாததையும் குறிப்பிட்டார். அதே ஆண்டு டென்மார்க்கின் பவுலெவ், 20 மீட்டர் ஆழப் பயிற்சித் தொட்டியில் சில மணி நேரம் திரும்பத் திரும்ப மூச்சடக்கி முங்கியதால் தனக்கே வந்த அழுத்தநீக்க நோயைப் (மேலே வரும்போது அழுத்தம் குறைய, உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வருவது) பதிவு செய்தார். சிலிண்டர் இல்லாவிட்டால் நைட்ரஜன் தொல்லை இல்லை என்ற நினைப்புக்கு அத்தோடு முடிவு வந்தது. இன்று பயிற்சியில் சொல்லித் தருவது, முங்கிய நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு ஓய்வு. ஆழம் கூடினால், மீட்டரை ஐந்தால் வகுத்து வரும் நிமிடங்கள் என்று இன்னொரு கணக்கும் உண்டு. 30 மீட்டருக்குப் போனவர் அதன்படி 6 நிமிடம் மேலே கிடக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு மிதக்கையில் மனக்கணக்கு வராது, அதைக் கடிகாரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டி இறங்கியவரின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடித்திருப்பார் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கையின் தாலி அவன் கையில் இருப்பதால் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. எந்தக் கம்ப்யூட்டரும் அந்த மச்சானின் இடத்துக்கு வராது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே என்ற ஒழுங்கு இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

விலை குறைந்த வரிசையில் இத்தாலியின் கிரெஸ்ஸி கோவா, மாரெஸ் ஸ்மார்ட். இரண்டிலும் காற்று, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று), ஃப்ரீடைவ் பயன்முறைகள் உண்டு. திரை சாதாரண டிஜிட்டல் எண்கள்தான், எண் பெரிதாக இருப்பதால் வாசிக்கச் சிரமமில்லை. பெரிய குறை அதிர்வு இல்லாதது. பீப் ஒலி மட்டுமே. உடலை ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட்டின் தொப்பி காதை மூடியிருந்தால், அல்லது பக்கத்தில் நான்கு பேர் கடிகாரமும் பீப் அடித்தால், எது நம்முடையது என்று தெரியாது. 15 மீட்டருக்குள் ஃப்ரீடைவிங் பழகுபவருக்கு இவை போதும். 25-ஐத் தாண்டியதும், காது சமன் செய்வதற்கான காற்றை வாயில் நிரப்பும் ஆழத்தையும், கால் அடிப்பதை நிறுத்திவிட்டு வீழத் தொடங்கும் ஆழத்தையும் கடிகாரம் கையைத் தொட்டுச் சொன்னால் எவ்வளவு நிம்மதி என்பது புரியும்.

அதிர்வு வந்துவிட்ட நடுவரிசையில் கார்மின் டிசென்ட் ஜி1, ஷியர்வாட்டர் டெர்ன், சூன்டோ டி5, சூன்டோ ஓஷன். எனக்கு உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

2022-இல் வந்த ஜி1-இன் திரை கறுப்பு வெள்ளை. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் டெர்னுக்குப் பக்கத்தில் வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளை போல நிற்கும். படகில் உச்சி வெயிலில் பார்த்தால் நிலைமை மாறும். வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகத் தெரியும் வகை அது. ஓய்வு நேரக் கணக்கை ஃப்ரீடைவர் பார்ப்பது வெயிலில் மிதக்கும்போதுதானே? இதில் ஜிபிஎஸ் உண்டு, இறங்கிய இடமும் ஏறிய இடமும் பதிவாகும். ஃப்ரீடைவிங்குக்கும் ஈட்டி மீன்வேட்டைக்கும் தனித்தனிப் பயன்முறைகள். முங்கும்போது 25 மணி நேரம் வரை சார்ஜ் நிற்கும் என்கிறது நிறுவனம். சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் வாங்கிக் காட்டும் வசதி இல்லை. அது ஃப்ரீடைவருக்குத் தேவையுமில்லை. 2025-இல் வந்த ஜி2-வில் அமோலெட் வண்ணத் திரை சேர்ந்திருக்கிறது.

டெர்ன் கனடாவின் ஷியர்வாட்டர் நிறுவனத்துடையது. ஆழமான தொழில்நுட்ப முங்கலுக்குக் கருவி செய்து பெயர் வாங்கியவர்கள். அமோலெட் திரை, 120 மீட்டர் வரை தாங்கும் உடல். கலங்கலான தண்ணீரில், வெளிச்சம் மங்கிய 20 மீட்டரில், இதன் திரையைப் பார்த்தவர்கள் வேறு திரைக்கு மனம் இறங்கமாட்டார்கள். எது முக்கியமான எண், எது துணை எண் என்பதை வண்ணத்தாலும் அளவாலும் பிரித்துக் காட்டுவதில் இவர்களுக்கு இணை இல்லை என்பது என் கருத்து. தங்கும் நேரம் முடியப்போகும் பதற்றத்தில் அந்தத் தெளிவு பெரிய விஷயம். சிலிண்டர் அழுத்தமும் தெரிய வேண்டுமென்றால் டெர்ன் டிஎக்ஸ் இருக்கிறது.

சூன்டோ டி5 அழகான கடிகாரம். 100 மீட்டர் எல்லை, அதிர்வு, ஃப்ரீடைவ் பயன்முறை எல்லாம் உண்டு. ஆனால் ஒரு சார்ஜில் 6 முதல் 12 மணி நேரமே முங்கலாம். மின்சாரம் வருவதும் போவதுமான தீவில் ஒரு வாரம் தங்கினால் இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். 2024-இல் வந்த ஓஷன் இன்னும் நல்ல கருவி, ஓட்டம், நீச்சல், நடை என்று அன்றாடத்துக்கும் ஆகும். அதன் ஆழ எல்லை 60 மீட்டர்.

இந்த எல்லை எண் வெறும் பெருமைக்கு அச்சிடுவது அல்ல. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் ஏறக்குறைய 53 மீட்டரில் கிடக்கிறது. 2022-இல் 799 டாலருக்கு அறிமுகமான ஆப்பிள் வாட்ச் அல்ட்ராவில் முங்க அனுமதி 40 மீட்டர் வரைதான். ஹெர்மிஸ் அதற்கு எட்டாது. ஆழப் பயிற்சிக்குப் போகும் ஃப்ரீடைவருக்கும் அது போதாது. ஏற்கெனவே அல்ட்ரா வைத்திருப்பவர் 18 மீட்டர் ஸ்கூபா பயிற்சிக்கு அதை ஓஷனிக் பிளஸ் செயலியோடு பயன்படுத்தலாம், திரையும் அதிர்வும் அருமை. ஸ்கூபா கணக்குக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். முங்குவதற்காகவே அதை வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

உச்சியில் ஷியர்வாட்டர் டெரிக்கும் கார்மின் எம்கே3ஐ-யும். இரண்டும் 200 மீட்டர், இரண்டிலும் சிலிண்டர் அழுத்தம் தெரியும். எம்கே3ஐ-யின் 51 மில்லிமீட்டர் வடிவம் 1,600 டாலருக்கு வந்தது. பல வாயுக் கலவைகளோடு இறங்குபவருக்கு டெரிக், முங்காத நாளிலும் கையில் கட்டித் திரிபவருக்கு எம்கே3ஐ. வருடத்துக்கு இருபது முறை முங்குபவருக்கு இரண்டுமே வேண்டாம். அந்தப் பணத்தில் அந்தமானுக்கு இன்னொரு பயணம் போகலாம்.

இனி, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியது, இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று கடிகாரத்துக்குள் ஓடும் கணக்கு. 1908-இல் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, உடம்பை வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை வாங்கிவிடும் ஐந்து கற்பனை அறைகளாகப் பிரித்தார். சுவிட்சர்லாந்தின் பியூல்மன் அதைப் பதினாறாக்கினார். கார்மின், ஷியர்வாட்டர், சூன்டோ ஓஷன் மூன்றும் பியூல்மன் கணக்கில் ஓடுபவை. டி5, கோவா, ஸ்மார்ட் ஆகியவை வீன்கி வகுத்த, நைட்ரஜன் குமிழிகளையும் கணக்கில் எடுக்கும் ஆர்ஜிபிஎம் வழியைச் சேர்ந்தவை. பியூல்மன் கடிகாரங்களில் 40/85, 35/75 என்று எண் சோடிகளைப் பார்க்கலாம். ஸ்கூபா பழகுபவர் இரண்டாம் எண்ணைக் கவனித்தால் போதும். 85 என்றால் மேலே வரும்போது உடம்பு தாங்கும் எல்லையில் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்துகிறது என்று பொருள். எண் குறையக் குறைய எச்சரிக்கை கூடும், தங்கும் நேரம் குறையும். கடிகாரம் எந்த அளவுக்கு எச்சரிக்கையாக இருக்கிறது என்பதை எண்ணாகவே பார்த்து மாற்ற முடிவதால் நான் பியூல்மன் பக்கம். ஆர்ஜிபிஎம் கடிகாரங்களில் பெரும்பாலும் 0, 1, 2 என்று படிகள்தான் தெரியும். கூட முங்குபவரிடம் வேறு வகை இருந்தால் சண்டை வேண்டாம், யாருடையது முதலில் 'போதும்' என்கிறதோ அதன்படி இருவரும் ஏறுங்கள்.

பாட்டரி விஷயத்தில் எனக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு. காயின் செல் போட்ட பழைய கடிகாரத்துக்கு ஒரு கடையில் பாட்டரி மாற்றினேன். ஓ-ரிங் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்திருக்கிறது. அடுத்த முங்கலில் 12 மீட்டரில் திரைக்குள் தண்ணீர் ஏறியது. அன்றைக்கு எனக்கு மிஞ்சியது கூட வந்தவரின் கடிகாரம். அதற்காகக் காயின் செல்லை ஒதுக்கவில்லை. சார்ஜர் தேடாமல் மாதக்கணக்கில் ஓடும் வசதி பெரிது. மாற்றும்போது வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். முடிந்தால் நீங்களே செய்யுங்கள்.

எந்தக் கடிகாரமும் உங்களைக் காப்பாற்றாத இடம் ஒன்று இருக்கிறது: ஒரே நாளில் காலையில் ஸ்கூபா, மாலையில் ஃப்ரீடைவிங். காலையில் ஏறிய நைட்ரஜன் உடம்பில் இருக்கும்போது மாலையில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறினால் குமிழிகளுக்கு வழி விடுகிறோம். ஃப்ரீடைவ் பயன்முறையில் பல கடிகாரங்கள் நைட்ரஜனைக் கணக்கிடுவதே இல்லை. சில, அதன்பின் ஸ்கூபா பயன்முறையைப் பூட்டிவைக்கும். எனவே வாங்குவதற்கு முன் கையேட்டில் இந்தப் பக்கத்தை மட்டுமாவது தேடிப் படியுங்கள். விமானம் ஏறுவதற்கு ஒற்றை முங்கலுக்குப் பின் 12 மணி நேரம், பல முங்கல்களுக்குப் பின் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது முங்குபவர் பாதுகாப்புக்கான டான் அமைப்பு. ஸ்கூபாவுக்குப் பிறகு மூச்சடக்கி முங்குவதற்கு நான் அதற்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மறுநாளைக்குத்தான். காலையில் ஃப்ரீடைவிங், மதியம் ஸ்கூபா என்று வரிசையை மாற்றினால் ஆபத்து குறைவு, ஆனாலும் ஆழமான முங்கல்களாக இருந்தால் அன்று ஸ்கூபாவைத் தவிர்க்கிறேன்.

பணம் என் கையில் இருந்தால் எதை எடுப்பேன்? மாதத்தில் மூன்று நாள் கயிற்றில் மூச்சடக்கிப் பழகி, வருடத்தில் ஒரு வாரம் மட்டும் சிலிண்டர் கட்டுபவருக்கு ஜி1. தலைகீழாக, ஸ்கூபாதான் உயிர், ஃப்ரீடைவிங் இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறேன் என்பவருக்கு டெர்ன். மாணவர்கள், முதல் சம்பளக்காரர்கள் கோவாவை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழத்தில் வெட்சூட் நசுங்கி மெலியும்போது கரையில் இறுக்கிக் கட்டிய ரப்பர் வார் தளர்ந்து சுழலும், அதிர்வு தோலில் படாது. எந்தக் கடிகாரம் வாங்கினாலும் அதற்கு ஒரு எலாஸ்டிக் வார் சேர்த்து வாங்குங்கள். அலாரத்தை முதலில் 5 மீட்டரில் வைத்துப் பழகுங்கள். கை அதை அடையாளம் கண்டுகொண்ட பிறகு ஆழத்துக்கு நகர்த்தலாம்.