புறநகருக்கு மெட்ரோவா, தனித்தடப் பேருந்தா?

நகரம் வெளிப்பக்கமாக வளர்ந்தால் எல்லோரும் கேட்பது மெட்ரோ. தனித்தடப் பேருந்து, அதாவது சாலையில் தனக்கென்று பிரித்த தடத்தில் ஓடும் பேருந்து என்றால் "அட, பஸ்தானே" என்று ஒரு அலட்சியம்.

செலவு: மெட்ரோவுக்குச் சுரங்கம், தூண், பணிமனை எல்லாம் வேண்டும். பேருந்துக்கு இருக்கிற சாலையிலேயே தடம் பிரிக்கலாம். பல மடங்கு மலிவு.

காலம்: மெட்ரோ மெதுவாக வரும். பேருந்து சீக்கிரம் ஓடும்.

கொள்ளளவு: மெட்ரோவுக்குத்தான் முதலிடம். ஆனால் பேருந்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். பிரேசிலின் குரிட்டிபா 1974-லேயே இதைத் தொடங்கியது. கொலம்பியாவின் போகோட்டாவில் 2000-இல் வந்த டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவை, நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. ஒரு பேருந்து இன்னொன்றை முந்திப்போகக் கூடுதல் தடம் இருப்பதால்தான் அது முடிகிறது. சாலை குறுகலாக இருந்தால் அந்தக் கணக்கு எடுபடாது.

நிலைப்பு: பேருந்தின் பலவீனம் இங்கேதான். தண்டவாளத்தை யாரும் எளிதில் பிடுங்க மாட்டார்கள், பேருந்துத் தடத்தைப் பிரிக்கும் தடுப்பை எடுத்துவிடலாம். டெல்லியில் 2008-இல் வந்த பேருந்துத் தடத்தை 2016-இல் இடித்தே விட்டார்கள்.

சரி, எது யாருக்கு? ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் நெருக்கமாக எழுந்திருந்தால் மெட்ரோ. வீடுகள் சிதறி, ஊர் எந்தப் பக்கம் நீளும் என்றே தெரியாத நிலையில் பேருந்து. பாதையை மாற்றியமைப்பது சுலபம்.