மதிப்பெண் தாளா, ரத்தப் பரிசோதனையா, மானிட்டரா? குழந்தைகள் புற்றுநோய் வார்டில் உறுப்புச் செயலிழப்பை முன்கூட்டியே பிடிக்க எது உதவும்

கீமோ கொடுத்து ஏழு முதல் பதினான்கு நாளுக்குள், நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே செப்சிஸாக (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) மாறிவிடலாம். அடுத்து எந்த உறுப்பு தடுமாறப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வார்டில் மூன்று வழிகள் உண்டு. செவிலியர் படுக்கையருகே நின்று போடும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் (பியூஸ்), ரத்தப் பரிசோதனையை நம்பும் உறுப்பு மதிப்பெண்கள் (பிசோஃபா, பெலோட்-2, ஃபீனிக்ஸ்), எந்நேரமும் ஓடும் மானிட்டர். எங்கள் ஓட்டு பியூஸுக்கு. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அது பின்னால் வருகிறது.

ரத்தப் பரிசோதனையை முதலில் பார்த்துவிடலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது நல்ல கருவி. புற்றுநோய் வார்டில் மருந்தின் விளைவும் நோயின் விளைவும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன. பிசோஃபா (2017) ஆறு உறுப்பு மண்டலங்களுக்குத் தலா 0 முதல் 4 வரை போடுகிறது. பிளேட்லெட் 20,000-க்குக் கீழே போனாலே 4. ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கட்ட சிகிச்சையில் இருக்கும் குழந்தை தொற்றே இல்லாமல் அந்த நான்கையும் வாங்கிவிடும். பெலோட்-2-இல் வெள்ளணு 2,000 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2 புள்ளி. கீமோ வார்டில் பாதிப் படுக்கைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கும். 2024-இல் வந்த ஃபீனிக்ஸில், தொற்றுச் சந்தேகத்தோடு மொத்தம் 2 புள்ளி வந்தால் செப்சிஸ். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ் 1, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் 100-க்குக் கீழ் 1. ஃபைப்ரினோஜனைக் குறைப்பது ரத்தப் புற்றுநோய் மருந்தான ஆஸ்பராஜினேஸின் வழக்கமான வேலை. ஆக, அந்த ஊசி போட்டு, பிளேட்லெட்டும் குறைந்திருக்கும் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் தாளில் செப்சிஸ் என்று விழலாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று, சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவான கிரியாட்டினினில் இருக்கிறது. தசை கரைந்த மூன்று வயதுக் குழந்தைக்கு 0.2 இருந்தது 0.4 ஆனால் அளவு இரட்டிப்பு. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. ஆய்வகத் தாளோ அதை 'இயல்பு' என்று அச்சிடும், பிசோஃபாவும் பூஜ்யம் போடும். சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த அளவை வழக்குத் தாளின் முதல் பக்கத்தில் எழுதி வைக்காத வார்டில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. பதிலுக்குச் சிறுநீரகத்துக்கான இன்னொரு சோதனையான சிஸ்டாட்டின்-சி பார்க்கலாமே என்றால், ஸ்டீராய்டு அதை உயர்த்திக் காட்டும். இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைகள் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. குழந்தை சரிவது இரண்டு சோதனைகளுக்கு இடையில்.

மானிட்டரைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. எல்லாப் படுக்கைக்கும் இருந்தால் நல்லது. ஆனால் நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பதோ, எப்போதும் சிணுங்கும் குழந்தை அன்று சும்மா கிடப்பதோ அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது 98 காட்டி ஆறுதலும் சொல்லும். போலி அலாரம் மிகுந்தால் சத்தம் காதில் விழாமல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பியூஸ் இங்கிலாந்தின் பிரைட்டனில் பிறந்து 2005-இல் வெளியானது. பார்ப்பது நடத்தை, ரத்த ஓட்டம், மூச்சு ஆகிய மூன்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மூல வடிவில், தோல் வெளிறினாலோ அழுத்திவிட்ட இடம் மறுபடி சிவக்க 3 நொடி ஆனாலோ 1. சாம்பல் நிறம், 4 நொடி, அல்லது வயதுக்குரிய நாடித்துடிப்பை விட 20 கூடுதல் என்றால் 2. 5 நொடியோ 30 கூடுதலோ என்றால் 3. மூச்சும் அப்படியே: இயல்பை விட 10 கூடினால் 1, 20 கூடினால் 2. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்சிஜனுக்கு 1, 6 லிட்டருக்கு 2, 8 லிட்டருக்கு 3. பின்னர் வந்த வடிவங்களில் செவிலியரின் கவலைக்கும் குடும்பத்தாரின் கவலைக்கும் தனிப் புள்ளி சேர்ந்தது. புற்றுநோய் வார்டுகளில் பரவலான வடிவத்தில் 0–2 பச்சை, 3–4 மஞ்சள், 5 முதல் சிவப்பு.

இதில் பிளேட்லெட் இல்லை, வெள்ளணு இல்லை, கல்லீரலைக் காட்டும் பிலிருபின் இல்லை. கீமோ கெடுக்கும் எண்கள் எதையும் தொடாமல், உடம்பு ஈடுகட்டத் திணறுவதை மட்டும் இது அளக்கிறது. குழந்தைகளில் ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். நாடியும் மூச்சும் அதற்கு முன்பே ஏறிவிடும். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்த நிலையிலும் அந்த இரண்டும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது நிபந்தனை. தாளை அச்சடித்து மாட்டுவது ஒரு வாரத்து வேலை. அதை நேர்மையாக ஓடவைப்பதுதான் செலவு. மூன்று வழிகளில் எது நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. கவனிக்காமல் விட்டால் தாள் எப்படிக் கெடும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். மூச்சு எண்ணிக்கை எல்லாப் படுக்கையிலும் 24 என்று இருக்கும். யாரும் ஒரு முழு நிமிடம் எண்ணவில்லை என்று பொருள். அதிகாலை இரண்டு மணிக் கட்டத்தில் 'தூங்குகிறது' என்று 0 விழுந்திருக்கும். தொட்டு எழுப்பினால்தானே தூக்கமா மயக்கமா என்று தெரியும்? மூக்குக்குழாயில் 3 லிட்டர் போகும், ஆனால் மூச்சுக்குப் பூஜ்யம். பதினொரு மாதக் குழந்தைக்கு ஐந்து வயதுக்கான நாடி வரிசையைப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது 'இவனுக்கு ரத்தசோகை, நாடி எப்போதும் இப்படித்தான்' என்று ஒரு புள்ளியைக் கழிப்பது. புள்ளியை அப்படியே எழுதவேண்டும். காரணத்தைப் பக்கத்தில் எழுதலாம். விலக்குத் தருவது மருத்துவர் வேலை, அதையும் நேரம் குறித்துக் கையெழுத்தோடு தரவேண்டும்.

ஆகவே வாரம் ஒருமுறை இருபது தாளை உருவிப் பாருங்கள், அதில் பாதி இரவுப் பணியுடையதாக இருக்கட்டும். உரிய நேரத்தில் போட்டார்களா, போட்ட எண் சரியா, மஞ்சள் அல்லது சிவப்புக்கு உரிய நடவடிக்கை நடந்ததா என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவதில்தான் பல வார்டுகள் சறுக்குகின்றன. சிவப்பு வந்தும் பயிற்சி மருத்துவர் தொலைபேசியிலேயே 'பாராசிட்டமால் கொடுங்க' என்று முடித்தால், அடுத்த மாதம் செவிலியர் சிவப்பே போடமாட்டார். சிவப்புக்கு யார், எத்தனை நிமிடத்தில் நேரில் வருவார், வராவிட்டால் அடுத்து யாரை அழைப்பது என்பது தாளிலேயே இருக்கவேண்டும். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பிழை தென்பட்டால் எல்லோருக்கும் மறுபயிற்சி. புதிதாகச் சேருபவர் முதல் பத்து மதிப்பெண்ணை இன்னொருவரோடு சேர்ந்து போடட்டும். மானிட்டருக்கு சென்சார், பேட்டரி, பழுதுபார்ப்பவர் தேவை. ரத்த மதிப்பெண்ணுக்கு இரவிலும் இயங்கும் ஆய்வகம் தேவை. பியூஸுக்கு வேண்டியது இந்தத் தணிக்கை மட்டும். ஆனால் ஒரு மாதம் விட்டால் போச்சு.

மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 7 நாடுகளின் 21 மருத்துவமனைகளில் நடந்து 2018-இல் வெளியான எபாக் ஆய்வில், இவ்வகை மதிப்பெண் ஒன்று மரணங்களைக் குறைக்கவில்லை. அது எல்லா நோய்க் குழந்தைகளுக்குமானது. மரணம் ஏற்கெனவே அரிதாக இருந்த இடங்கள். லத்தீன் அமெரிக்காவில் 32 மருத்துவமனைகளின் புற்றுநோய்க் குழந்தைகளிடையே நடந்து 2023-இல் வெளியான ஈவாட் ஆய்வில், நிலை மோசமான குழந்தைகளிடையே இறப்பு குறைந்தது. எந்த வார்டில் போடுகிறோம் என்பதே வித்தியாசம் என்று நாங்கள் படிக்கிறோம். வேறு விதமாகப் படிக்கவும் இடமுண்டு.

சிறுநீரகமும் கல்லீரலும் பியூஸின் கண்ணுக்குத் தப்பும். அங்கே ரத்தப் பரிசோதனையை விடமுடியாது. கட்டிச் சிதைவு (சாகும் புற்றுநோய்ச் செல்களின் உள்ளடக்கம் ரத்தத்தில் கொட்டுவது) எதிர்பார்க்கும் முதல் நாட்களில் பொட்டாசியம், பாஸ்பேட், கால்சியம், யூரிக் அமிலம் ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போகத்தான் வேண்டும். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் நின்றால் கிரியாட்டினினுக்குக் காத்திருக்கவேண்டாம். உள்ளே ஓர் உறுப்பு தளர்ந்துகொண்டிருக்கும்போதும் குழந்தை விளையாடக்கூடும் என்பதை எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுகள் அறியும். கல்லீரலின் நுண் சிரைகள் அடைபடும்போது எடை மூன்று நாள் தொடர்ந்து ஏறும், ஏற்றிய பிளேட்லெட் நிற்காது, பியூஸோ பச்சையிலேயே இருக்கும். அந்த வார்டுகளில் எங்கள் சாய்வு பாதியாகிறது. மதிப்பெண் தாளின் அடியில் எடைக்கும் வயிற்றுச் சுற்றளவுக்கும் இரண்டு கட்டம் சேர்த்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடுத்து எழுதவேண்டும். தொடக்க எடையை விட 5 சதவீதம் ஏறினால், மொத்தம் பூஜ்யமாக இருந்தாலும் மருத்துவரை அழைக்கவேண்டும்.