பி.பி. மெஷின் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய தளம்: ஸ்ட்ரைட் பிபி

மருத்துவக் கருவி நிறுவனங்களின் வலைதளங்களுக்கான யூ.எக்ஸ். வடிவமைப்பையும் (தளம் பயன்படுத்த எளிதாக இருக்கும்படி அமைப்பது) யூசர் ரிசர்ச்சையும் (பயன்படுத்துபவர்களைக் கவனித்துப் புரிந்துகொள்வது) பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை இதுதான் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “வீட்டுக்கு ஒரு பி.பி. மெஷின் வாங்கணும், எதும்மா நல்லா இருக்கும்?” இப்போதெல்லாம் நான் கம்பெனி பெயர் எதையும் சொல்வதில்லை. ஸ்ட்ரைட் பிபி தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

இது விற்பனைத் தளம் இல்லை. ரத்த அழுத்த நிபுணர்கள் சேர்ந்து நடத்தும், லாப நோக்கமில்லாத அமைப்பு. ஐரோப்பிய, சர்வதேச ரத்த அழுத்த மருத்துவச் சங்கங்களோடு தொடர்புடையது. முறையான ஆய்வில் தேறிய பி.பி. மெஷின்களை மட்டும் பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். விலை, தள்ளுபடி, நட்சத்திரம் எதுவும் கிடையாது. தேறியதா என்ற ஒரே விஷயம்தான்.

எனக்கு முதலில் பிடித்தது அது கேள்வி கேட்கும் விதம். மெஷின் எங்கே பயன்படப் போகிறது: வீட்டிலா, கிளினிக்கிலா, 24 மணி நேரமும் உடம்பில் மாட்டியிருக்கவா? யாருக்கு: பெரியவருக்கா, குழந்தைக்கா, கர்ப்பிணிக்கா? பல கம்பெனி தளங்கள் “எங்கள் பிரீமியம் வரிசை”, “எங்கள் கிளாசிக் வரிசை” என்று தங்கள் வசதிக்கு அடுக்கி வைத்திருக்கும். வாங்க வருபவர் மனதில் அப்படி வரிசை எதுவும் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் “ஏழு மாசமா இருக்கிற என் பொண்ணுக்கு” என்பதுதான். அந்தப் பெண்ணுக்குத் தனிப் பட்டியல் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. பெரியவர்களுக்குச் சரியாகக் காட்டும் மெஷின், கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு உள்ளவருக்குக் குறைத்துக் காட்டலாம். அதனால்தான் கர்ப்பிணிகளிடம் தனியாகச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

தேறுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 81060-2. குறைந்தது 85 பேரிடம் சோதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு எடுக்கும் அளவும் மெஷின் காட்டும் அளவும் மாறிமாறிப் பதிவாகும். இரண்டுக்கும் உள்ள சராசரி வித்தியாசம் 5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த வித்தியாசம் அளவுக்கு அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் சிதறல் (திட்டவிலக்கம்) 8 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. பட்டியலில் உள்ள மெஷினுக்கு எந்த ஆய்வை வைத்து இடம் கொடுத்தார்கள் என்பதையும் தளத்தில் பார்க்கலாம். பெட்டியில் இருக்கும் சி.இ. முத்திரை இதற்கு ஈடாகாது. அது ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்கான தகுதி.

ஆஸ்திரேலியாவில் ஆன்லைனில் விற்கும் பி.பி. மெஷின்களை எண்ணிப் பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. மேல்கையில் கட்டும் மெஷின்களிலேயே ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவைதான் முறையாகச் சோதிக்கப்பட்டவை. பட்டை மாதிரி மணிக்கட்டில் அணியும் கருவிகளில் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட சந்தையில் நாலரை நட்சத்திர ரிவியூவை நம்பி அப்பாவின் மாத்திரை அளவை முடிவு செய்வதா? அந்த ரிவியூ எழுதியவருக்குப் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது தெரியும், பட்டன் பெரிதாக இருப்பது தெரியும். மெஷின் காட்டும் 138 உண்மையில் 138-தானா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, குறைக்கு வருகிறேன். இந்தத் தளம் மருத்துவர்கள் மருத்துவர்களுக்குப் பேசும் தொனியில் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர் தனியாக உட்கார்ந்து தேடினால் மாடல் எண்ணில் மாட்டிக்கொள்வார். அந்தச் சிக்கலில் பாதி, மெஷின் செய்பவர்கள் உண்டாக்கியது. ஒரே மெஷினுக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர், இங்கே வெறும் எழுத்தும் எண்ணும். ஒருவர் தளத்தைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து கவனிக்கும் யூசர் டெஸ்டில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கையில் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருந்த பெயரைத் தளத்தில் அடித்தார், எதுவும் வரவில்லை. மெஷினைக் கவிழ்த்தார். பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் சாம்பல் ஸ்டிக்கரில் சாம்பல் எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, ஸ்டிக்கரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். நடுவில் வருவது ஓ-வா சைபரா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். டெஸ்ட் நடக்கும்போது நாங்கள் உதவக் கூடாது. அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான நேரம்.

அந்த டெஸ்ட் வேறொரு தளத்துக்காக நடந்தது. ஆனால் ஸ்ட்ரைட் பிபிக்கும் பாடம் அதேதான்: “மாடல் எண் எங்கே இருக்கும்” என்று ஒரு படம், தேடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும். அப்புறம், பட்டியலில் பெயர் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்பதையும் அங்கேயே எளிமையாகச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் மெஷின் தப்பு என்று அர்த்தமில்லை. சரி என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர் இந்த இடத்தில்தான் பயந்துபோவார். அவர் செய்ய வேண்டியது சுலபம்: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப் போய் இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழிலும் ஒரு பக்கம் இருந்தால் எவ்வளவு பேருக்கு உதவும்!

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வேலிடேட் பிபி என்ற பட்டியலும் நன்றாக இருக்கிறது, பார்ப்பதற்கு இன்னும் சுத்தம். ஆனால் அது அமெரிக்காவில் விற்கும் மாடல்களுக்கானது. கனடாவின் ரத்த அழுத்த அமைப்பான ஹைப்பர்டென்ஷன் கனடா தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துக் காட்டுகிறது. இங்கிருந்து வாங்குபவருக்கு ஸ்ட்ரைட் பிபிதான் பொருத்தம்.

மெஷினை முடிவு செய்த பிறகு கைப்பட்டையை மறந்துவிடாதீர்கள். கம்பெனி தளங்களில் இந்த விவரம் “துணைப் பொருட்கள்” பக்கத்தின் அடியில் கிடக்கும். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவு (சிஸ்டாலிக்) சராசரியாக 19.5 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். துல்லியம் என்று தேறிய மெஷினும் தப்பான பட்டையில் தப்பாகத்தான் காட்டும். தையல்காரர் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைப் பாருங்கள். பெட்டியில் வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்குத்தான். அதற்கு மேல் என்றால் அதே மாடலுக்கான பெரிய பட்டை இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.