மலைத் தோட்டத்துப் புளிப்பு மண்: சோதிக்க எது, திருத்த எது?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் நிலம் இருக்கிறது. முன்பு தேயிலை நின்ற இடம். செடிகளை வேரோடு எடுத்துவிட்டு கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைகோஸ் போட்டோம். முதல் இரண்டு போகமும் எரு மேல் எருவாகக் கொட்டினேன். பீட்ரூட் எலுமிச்சம்பழத்துக்கு மேல் திரளவே இல்லை. முட்டைகோஸ் வெயில் ஏறினால் துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் விரல் விரலாக வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நோய். புளிப்பு மண்தான் அதற்குப் பிடித்த இடம்.

பட்டினி கிடந்ததால் அந்தச் செடிகள் வாடவில்லை. மண்ணில் இருந்த சாப்பாட்டை அவற்றால் எடுக்க முடியவில்லை. அது புரிய எனக்கு ஒரு வருடம் போனது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு அந்த வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீலகிரியில் ஆண்டாண்டாகப் பெய்யும் மழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும். புளிப்பைக் காட்டும் எண்தான் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குக் கொண்டாட்டம். கேரட்டுக்கும் கோஸுக்கும் 6 முதல் 6.5 வரை வேண்டும். பார்க்க ஒரு எண் வித்தியாசம்தான், ஆனால் பிஎச் 5 என்றால் 6-ஐவிடப் பத்து மடங்கு புளிப்பு. அந்தப் புளிப்பில் நாம் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். மலை உருளைக்கிழங்குக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிலோ. மணிச்சத்து மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்று யோசித்தால் இந்த மண்ணின் குணம் தெரிந்துவிடும்.

சரி, நம் மண் எவ்வளவு புளிப்பு என்று எப்படிப் பார்ப்பது? நான் நான்கு வழிகளில் பார்த்திருக்கிறேன்.

மண்ணில் குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி மீட்டரை முதலில் வாங்கினேன். பேட்டரி வேண்டாம், குத்தினால் முள் நகரும். தேயிலை வரிசையில் குத்தினாலும் 7, எருக்குழி ஓரத்தில் குத்தினாலும் 7. மண்ணை நனைத்தால் ஒரு எண், காய்ந்தால் வேறு எண். இந்தக் காசுக்குப் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டாலமைட் ஒரு மூட்டை வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்றே சொல்வேன்.

மீன் தொட்டிக் கடையில் சொட்டு மருந்து கிட் கிடைக்கும். நிறம் தெளிவாகத்தான் காட்டும். ஆனால் நன்னீர் மீனுக்கான பல கிட்டுகளில் அளவு 6-ல்தான் தொடங்குகிறது. நம் மண் அதற்கும் கீழே இருப்பதால், 5.8 ஆனாலும் 4.6 ஆனாலும் ஒரே மஞ்சள்தான்.

பிஎச் தாள் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் தாளை நனைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரின் குணமும் கூடவே வந்துவிடும். 1 முதல் 14 வரை காட்டும் தாளில் 5-க்கும் 6-க்கும் நடுவே கண்ணால் பிரிப்பது கஷ்டம். அரை எண் இடைவெளியில் நிறம் காட்டும் தாளாகக் கேட்டு வாங்குங்கள். மண் புளிப்பா இல்லையா என்பதை இது நம்பகமாகச் சொல்லும். எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்பதைச் சொல்லாது.

அதற்கு ஆய்வகம்தான். உதகையில் அரசு மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பிஎச், உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்கள் பார்க்கிறார்கள். வீட்டில் எந்தக் கருவியாலும் இதில் பாதியைக்கூட அறிய முடியாது. கொடுக்கும் மண் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே கிடக்கும் இலைதழையை விலக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு சீவு எடுக்க வேண்டும். இரண்டு சென்ட்டில் பத்து இடத்தில் எடுத்தேன். மரத்தடி, வரப்பு, எருக்குழி ஓரம் மூன்றையும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரே உள்ள இரண்டு கால் பங்குகளைத் தள்ளிவிட வேண்டும். அரை கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டினால் ஆயிற்று. உரம் போட்ட கையோடு மண் எடுக்கக் கூடாது. நடவுக்கு முந்தைய இடைவெளிதான் சரியான நேரம்.

ஆய்வகம் தந்த எங்கள் அட்டையில் பிஎச் 4.9, அங்ககக் கரிமம் (மட்கிலுள்ள கார்பன்) அதிகம், மணிச்சத்து குறைவு என்று வந்தது. கரிமம் அதிகம் என்றதும் தழைச்சத்துக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குளிரில் மட்கு மெதுவாகத்தான் சிதையும், செடிக்குச் சத்து சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

காசில்லாத சாட்சி ஒன்றும் மலையில் உண்டு, ஹைட்ரேஞ்சியா. புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். எங்கள் வேலியோரம் ஒரே வகைச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் நல்ல நீலம். சுவருக்கு வெள்ளையடித்த வாளியைக் கழுவி ஊற்றும் மூலையில் நிற்கும் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. நடுவில் நிற்பது இரண்டும் கலந்த ஊதா. (வெள்ளைப் பூ வகை நிறம் மாறாது.) சுண்ணாம்பு என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியது அந்த மூலைச் செடிதான்.

அடுத்து, திருத்துவதற்கு எது? நீற்றுச் சுண்ணாம்பு வேகமானது, எடைக்கு எடை டாலமைட்டைவிட வலுவும் அதிகம். அதனாலேயே வீட்டுத் தோட்டத்தில் கை மீறிப் போகிறது. தோலையும் கண்ணையும் அரிக்கும், கொஞ்சம் கூடினால் இளவேர் கருகும். அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணமும் இருக்கின்றன. பீன்ஸ் பாத்திக்கு ஒரு கை தூவலாம், ஆனால் 4.9-ஐத் தூக்கி நிறுத்த அது போதாது, மழையிலும் சீக்கிரம் கரைந்துவிடும். என் வாக்கு டாலமைட்டுக்குத்தான். மழை கொண்டுபோன கால்சியம், மெக்னீசியம் இரண்டையும் அது சேர்த்தே திருப்பித் தருகிறது. கொஞ்சம் கூடினாலும் பெரிய ஆபத்தில்லை. வாங்கும்போது விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், மைதா மாதிரி நைஸாக இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் கரைய வருடக்கணக்காகும். நான் போட்டது சதுர மீட்டருக்கு 200 கிராம், சென்ட்டுக்குச் சுமார் 8 கிலோ. உங்கள் ஆய்வக அட்டையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கொத்திவிட்டு மண்ணோடு கலந்து, ஈரம் காட்டி, மூன்று வாரம் சும்மா விட வேண்டும்.

எருவை அதற்கப்புறம் போடுவதுதான் முறை. டாலமைட்டும் பச்சைச் சாணமும் ஒன்றாய்ச் சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியா வாடையாகக் காற்றில் போய்விடும். நன்றாக மட்கிய தொழு உரம் சென்ட்டுக்கு 100 கிலோ போடுகிறேன். மட்காத எருவில் கேரட் போட்டால் கிழங்கு கவட்டையாகப் பிளக்கும். கீழ்நாட்டிலிருந்து லாரியில் வரும் கோழி எரு மலிவு, வேகம் அதிகம், ஆனால் ஆற வைக்காமல் போட்டால் நாற்றைச் சுட்டுவிடும். மண்புழு உரம் அருமையானது, நம் குளிரில் வீட்டில் தயாராகத்தான் நாளாகிறது. நாற்றங்காலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மணிச்சத்துக்கு எலும்புத்தூளா, பாறையை அரைத்த ராக் பாஸ்பேட்டா? புளிப்பு மண்ணில் இரண்டும் நன்றாகக் கரையும். ஆனால் எலும்புத்தூள் போட்ட மறுநாள் காலை பாத்தி முழுவதும் காட்டுப்பன்றி உழுதிருந்தது. அன்றிலிருந்து ராக் பாஸ்பேட்தான். அதையும் டாலமைட்டோடு கலப்பதில்லை, புளிப்பு இருந்தால்தான் அது கரையும். ஆகவே முந்தைய போகத்திலேயே எருவோடு போட்டுவிடுகிறேன். தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சம அளவில் உள்ள 17:17:17 காம்ப்ளக்ஸ் ரசாயன உரத்தை நான் ஒதுக்கவில்லை. கோஸ் உருளத் தொடங்கும்போது செடிக்கு ஒரு சிட்டிகை, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. அம்மோனியம் சல்பேட் மட்டும் இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம், இருக்கிற புளிப்பை அது இன்னும் ஏற்றும்.

டாலமைட் போட்ட அடுத்த போகத்தில் ஒரு பீட்ரூட் என் உள்ளங்கை நிறைய வந்தது. மண்ணைக் கழுவிவிட்டு அடுக்களை மேடையில் வைத்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உருளைக்கிழங்குப் பாத்தியை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு 5 முதல் 5.5 வரை போதும். புளிப்பைக் குறைத்தால் தோலில் சொறி விழும். அங்கே டாலமைட் மூட்டையைக் கொண்டுபோவதே இல்லை.