மரமடர்ந்த சரிவுக்கு எந்தத் தட்டு: மாகோ3 ஆ, லெப்பர்ட்டா?

பறக்கும் தட்டை எறிந்து, இயன்றவரை குறைந்த எறிதல்களில் குறியை அடையும் டிஸ்க் கோல்ஃபைத் திருகோணமலையில் விளையாட விரும்புபவர், அதற்கான தட்டைக் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பதே எளிது. பயணப் பெட்டியில் ஒன்றிரண்டுக்குத்தான் இடம் கிடைக்கும் என்பதால், எதைச் சொல்லிவிடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இனோவா நிறுவனத்தின் இரண்டு தட்டுகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: நடுத்தூர எறிதலுக்கான மாகோ3, அதைவிடச் சற்று வேகமான, கட்டுப்பாட்டோடு தூரம் எறிவதற்கான ஃபேர்வே டிரைவர் வகையைச் சேர்ந்த லெப்பர்ட். களம், கன்னியாப் பக்கத்தில் கிழக்கு நோக்கிச் சரியும், பாலையும் வீரையும் அடர்ந்த ஒரு தனியார் காணி. கோட்டைக்குள்ளும் கோணேசர் மலையிலும் இதைவிட அழகான சரிவுகள் உண்டு. ஆனால் யாத்திரிகரும் மான்களும் நடமாடும் இடத்தில் தட்டெறிவதை யாரும் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

தட்டுக்குரிய நான்கு எண்கள் வரிசையாக வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதி வளைவு ஆகியவற்றைக் குறிக்கும். மாகோ3க்கு அவை 5, 5, 0, 0. லெப்பர்ட்டுக்கு 6, 5, -2, 1. வலக்கையால் பின்கை வீச்சில் எறியும்போது மாகோ3, கையை விட்ட கோணத்தை ஏறத்தாழ இறுதிவரை காப்பாற்றும். லெப்பர்ட் முதலில் வலப்புறம் சாய்ந்து, வேகம் தணிந்ததும் சற்றே இடப்புறம் திரும்பும். வெட்டவெளியில் தூரம் லெப்பர்ட்டுக்கே கூடுதல், அதில் விவாதமில்லை.

காட்டுக்குள் தூரத்தை விட முக்கியமானது, மரத்தில் பட்ட தட்டு எங்கே போய் விழுகிறது என்பதாகும். இரண்டு பாலை மரங்களுக்கிடையே ஓராள் கை விரித்து நிற்குமளவு இடைவெளியே இருக்கும் தடத்தில், எவ்வளவு தேர்ந்த கையும் சில வேளை மரத்தில் அடிக்கத்தான் செய்யும். அப்போது மெதுவாகப் போகும் மாகோ3 பெரும்பாலும் அடிமரத்தருகிலேயே விழுந்துவிட, வேகத்தோடு மோதும் லெப்பர்ட் பக்கவாட்டில் தெறித்துச் சூரைப் பற்றைக்குள் புகுந்துவிடுகிறது. அல்லது ஓரத்தால் நிமிர்ந்து சரிவில் சில்லுப் போல உருண்டு கீழே போய்விடுகிறது. இவ்விளையாட்டின் விதிகளை வகுக்கும் பிடிஜிஏ அமைப்பு, காணாமற்போன தட்டைத் தேட 3 நிமிடமே தருகிறது. அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் எறிதல் தண்டனை. சூரை முள்ளுக்குள் கைவிட்டவருக்கு அந்த 3 நிமிடம் எவ்வளவு குறுகியது என்று தெரியும்.

லெப்பர்ட் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது மேடேறும் எறிதலில்தான். மேல்நோக்கி எறியும்போது தட்டின் முன்னோரம் உயர்ந்து, வேகம் சீக்கிரம் குறைந்து, இடப்புற வளைவு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிடும். லெப்பர்ட்டின் வலப்புறச் சாய்வு அந்த வளைவைத் தள்ளிப்போடுவதால், அதே வலுவில் எறிந்தாலும் மாகோ3ஐ விட மேலே ஏறுகிறது. ஆயினும் நமது காணியில் மேடேறுவதென்றால் மேற்கு நோக்கி எறிவதாகும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் அது எதிர்காற்று. எதிர்காற்று எந்தத் தட்டின் வலப்புறச் சாய்வையும் பெருக்கும். ஏற்கனவே -2 உள்ள தட்டு அப்போது முழுவதுமாகக் கவிழ்ந்து வலப்புறக் காட்டுக்குள் ஓடும். ஆகவே லெப்பர்ட்டின் இந்த அனுகூலம், காற்றடங்கிய காலை நேரத்துக்கு மட்டுமே உரியது என்று கொள்ளலாம்.

இறக்கத்தில் ஐயமே இல்லை. நிலம் கீழே விலகிப் போவதால் தட்டு காற்றில் கூடுதல் நேரம் நிற்கும், அதன் இயல்பான வளைவுகளும் அதற்கேற்ப நீளும். வளைவே இல்லாத மாகோ3 இங்கு ஏறத்தாழ நேராக இறங்கும்.

எந்தப் பிளாஸ்டிக் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவினர்கள் விலையைப் பார்த்துவிட்டு மலிந்ததை எடுத்து வருவது வழமை. டிஎக்ஸ் எனும் அடிப்படை வகை விலை குறைவு, பிடியும் நல்லது. ஆனால் பாலை மரத்தில் வலுவாக ஒருமுறை பட்டால், ஓரத்தில் நகக்கண் அளவு குழி விழுந்து, அதன் விளிம்பு வெளியே பிதுங்கி, அடுத்த எறிதலில் விரலைக் கீறும். பிளேட்டால் சீவிவிடலாம், எனினும் அடிபட அடிபட அந்தத் தட்டு மேலும் மேலும் வலப்புறம் சாயத் தொடங்கும். லெப்பர்ட்டுக்கு அது கேடு. சாம்பியன் வகை மரத்தையும் கருங்கல்லையும் நெடுநாள் தாங்கும். மாரி மழையில் நனைந்தால் கையில் வழுக்கும், அதற்கு இடுப்பில் ஒரு துணி போதும்.

என் தெரிவு சாம்பியன் பிளாஸ்டிக்கிலான மாகோ3. பெட்டியில் இரண்டாவதற்கும் இடமிருந்தால், லெப்பர்ட்டுக்கு முன் அவியார் என்ற பட்டரைச் சொல்லிவிடுவேன். 2, 3, 0, 1 என்ற அதன் எண்கள் தூரத்துக்கு உதவாதவை, குறிக்கு அண்மையில் எறிவதற்கோ உகந்தவை. இவ்விளையாட்டில் வழக்கமான குறியாக நிற்கும், எட் ஹெட்ரிக் வடிவமைத்த சங்கிலிக் கூடை நம்மிடம் இல்லை. அடையாளமிட்ட மரமே நமக்குக் குறி. அதில் பட்டுத் தெறித்து உருளாமல் விழும் மெதுவான தட்டு அங்கே பயன்படும். வெட்டவெளி மைதானத்திலும் விளையாட எண்ணுபவர் மட்டும் லெப்பர்ட்டை முதலில் கேட்கலாம். எதைக் கேட்டாலும் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பச்சையும் செம்மஞ்சளும் இலைச் சருகுக்குள் மறைந்துவிடும், கடும் இளஞ்சிவப்பு மறையாது.